கல்லூரியைத் திறந்தார்கள் சரி, பாச்சலூரைக் கேட்டார்களா?

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். 2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. மே 16இல் டாஸ்மாக் கடைகள் திறந்தன (மே 7இல் ஒருமுறை திறந்து, உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கி வந்து மறுபடி திறந்தார்கள். அவ்வளவு அக்கறை!). செப்டம்பரில் பஸ்கள் ஓடின. அதே செப்டம்பரில் இ-பாஸோடு கொடைக்கானலுக்குச் சுற்றுலாப் பயணிகள் ஏற ஆரம்பித்தார்கள். நவம்பர் 10இல் சினிமா தியேட்டர்கள் பாதி இருக்கைகளோடு திறந்தன. எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரி திறந்தது 2021 பிப்ரவரி 8இல்.

அதாவது மலையைப் பார்க்க வந்தவர் செப்டம்பரில் ஏறிவிட்டார். மலையிலிருந்து படிக்கப் போகிறவர் பிப்ரவரி வரைக்கும் இறங்க முடியவில்லை. நடுவில் 328 நாட்கள்.

பாச்சலூர் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் பலர் முதன்முதலாகக் கேட்டது 2021 டிசம்பரில், ஒரு துயரச் செய்தியில். இது அந்தச் செய்தியைப் பற்றியது அல்ல. பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலைப்பாதையில் ஏறினால் வரும் ஊர் பாச்சலூர். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. சுற்றுவட்டாரத்தில் பளியர் குடியிருப்புகள். கொடைக்கானல் ஏரியும் படகும் இந்தப் பக்கம் கிடையாது. அதனால் பத்திரிகைக்காரர்களும் அதிகம் வருவதில்லை. பட்டப்படிப்பு என்றால் இங்கிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும். ஒட்டன்சத்திரமோ, பழனியோ, திண்டுக்கல்லோ, மதுரையோ. அல்லது இன்னும் மேலே ஏறிக் கொடைக்கானல் போக வேண்டும், அங்கே 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இப்படி ஓர் ஊரிலிருந்து 2020-21இல் பி.ஏ. தமிழோ பி.காமோ சேர்ந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். அப்பா அம்மா இருவருக்கும் தோட்ட வேலை. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அண்ணன் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். தமிழ்நாட்டில் கல்லூரிகளை மறுபடி திறப்பதற்குப் போட்ட திட்டங்கள் ஒவ்வொன்றையும் இந்தப் பெண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவை யாருக்காகப் போடப்பட்டன என்பது தெரிந்துவிடும்.

முதலில் வரிசை. 2020 நவம்பர் 16இல் எல்லாவற்றையும் திறப்பதாக அறிவித்தார்கள், பிறகு பின்வாங்கினார்கள். டிசம்பர் 2 முதல் ஆராய்ச்சி மாணவர்களும் அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களில் முதுகலை இறுதியாண்டு மாணவர்களும் வரலாம் என்றார்கள். டிசம்பர் 7 முதல் இளங்கலை இறுதியாண்டு. மிச்சப் பேர் எல்லாரும் பிப்ரவரி 8. பெரியவர்கள் முதலில், சின்னவர்கள் கடைசியில். கல்யாணப் பந்தி மாதிரி.

இதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள். ஆய்வகம் இல்லாமல் அறிவியல் படிக்க முடியாது, ஆகவே ஆய்வக மாணவர்கள் முதலில். நியாயம்தான், யாரும் மறுக்க முடியாது. வேதியியல் செய்முறையை வாட்ஸ்அப்பில் செய்ய முடியாது. ஆனால் அந்த நியாயத்தின் உள்ளே என்ன இருக்கிறது? 'வீட்டிலிருந்து செய்ய முடியாத படிப்பு எதுவோ அதற்கு முன்னுரிமை' என்பதுதானே? அப்படியானால் டவர் எட்டாத தோட்டத்து வீட்டில் இருக்கிறவளுக்கு, சொந்தமாக ஒரு போன் இல்லாதவளுக்கு, எந்தப் படிப்பை வீட்டிலிருந்து செய்ய முடியும்? அவளுக்குத் தொல்காப்பிய வகுப்பும் ஆய்வகம் மாதிரிதான், கணக்குப்பதிவியலும் ஆய்வகம் மாதிரிதான். கல்லூரிக் கட்டடத்துக்குள் கால் வைத்தால் ஒழிய ஒன்றும் நடக்காது. அதே காரணத்தை நேர்மையாக நீட்டியிருந்தால் முதல் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கும். சென்னையில் அகண்ட அலைவரிசை இணைப்போடு, தனி அறையில், மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த முதுகலை மாணவர் பெயர் அவளுக்குப் பின்னால் வந்திருக்கும்.

பாடத்தை வைத்துப் பிரித்தார்கள், ஆண்டை வைத்துப் பிரித்தார்கள். வீட்டை வைத்துப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் கல்லூரியிடம் எல்லா விவரமும் இருக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் முகவரி, பெற்றோர் வருமானம், முதல் பட்டதாரியா இல்லையா என்பது உட்பட அத்தனையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்க்கிறார்கள். உதவித்தொகைக்கு அந்தத் தகவலை எடுத்துப் புரட்டத் தெரிந்த அலுவலகத்துக்கு, யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பதற்கு மட்டும் புரட்டத் தெரியவில்லை!

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் 75ஆவது சுற்று, 2017-18இல் எடுத்தது. அதன்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில். இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். நகரத்தில் இணைய வசதி 42 சதவீதம். தொற்று வருவதற்கு முன்பே அரசின் கையில் இருந்த புள்ளிவிவரம் இது. தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நிற்க. 'அதான் இலவச டேட்டா கொடுத்தார்களே' என்று சிலர் கேட்கக்கூடும். கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், உதவித்தொகையோடு சுயநிதிக் கல்லூரிகளிலும் படிக்கும் 9,69,047 பேருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி. நல்ல காரியம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி மூடிப் பத்தாவது மாதத்தில் வந்த நல்ல காரியம். அடுத்த மாதமே கல்லூரி திறந்துவிட்டது. போகட்டும், டேட்டா இருந்தால் போதுமா? மலையில் சிக்னல் என்பது காசு கொடுத்து வாங்குகிற பொருள் அல்ல. ஒரு மடிப்பில் கிடைக்கும், அடுத்த மடிப்பில் கிடைக்காது. பள்ளத்துக்குள் இருக்கிற வீட்டுக்கும் மேட்டில் நிற்கிற டவருக்கும் நடுவில் ஒரு மலை நின்றால் 2 ஜிபி என்ன, 20 ஜிபி கொடுத்தாலும் போனில் வட்டம்தான் சுற்றும். 2021இல் நாமக்கல் மாவட்டத்தில் மலையடிவாரத்து மாணவர்கள் ஆன்லைன் வகுப்புக்காக மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதைப் பார்த்துப் பலர் 'என்ன ஆர்வம்!' என்று உச்சுக்கொட்டினார்கள். ஆர்வம்தான். கீழே விழுந்து கால் ஒடிந்தால் அதற்கும் ஆன்லைனில் கட்டுப் போட முடியுமா என்பதை யாரும் கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் சுற்றிய இன்னொரு வாட்ஸ்அப் தத்துவம், நியூட்டன் கதை. 1665இல் கொள்ளை நோய் வந்து கேம்பிரிட்ஜ் மூடியபோது ஐசக் நியூட்டன் ஊருக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து உலகத்தையே மாற்றினாராம். ஆகவே மாணவர்களே, வீட்டில் இருக்கும் காலத்தைப் பயன்படுத்துங்கள்! நியூட்டன் போனது குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணை வீட்டுக்கு. காப்பிப் பழம் பறிக்கப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்ற நிலையில் அவர் கால்குலஸ் போடவில்லை. கீழ்மலையில் நவம்பர் தொடங்கினால் காப்பி பறிப்பு, அது முடியும்போது மிளகு. வீட்டில் சும்மா இருக்கிற ஒரு வயதுவந்த பெண்ணை எந்தக் குடும்பம் தோட்டத்துக்குக் கூட்டிப் போகாமல் இருக்கும்? இதில் குடும்பத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரி திறக்கும் தேதி தெரியாது, திறக்குமா என்பதும் தெரியாது, கூலி மட்டும் தெரியும்.

சரி, பாதுகாப்பு என்ற பெரிய கேள்விக்கு வருவோம். சீக்கிரம் திறந்திருந்தால் நோய் பரவியிருக்காதா? பரவியிருக்கலாம். அதனால்தான் திட்டம் என்ற சொல்லுக்கே அர்த்தம் வருகிறது. திறப்பதா மூடுவதா என்று பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குப் பெயர் திட்டம் அல்ல.

2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததை எல்லாக் கல்லூரிகளும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்க வேண்டும். நாட்டிலேயே கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நிறைந்த இடம். கிண்டிக் காட்டை ஒட்டி நூற்றுக்கணக்கான ஏக்கர் வளாகம். வளாகத்தில் அப்போது இருந்த மாணவர்கள் எழுநூற்றுச் சொச்சம் பேர்தான். விடுதி அறைகளில் நெருக்கடி இல்லை. ஆனால் டிசம்பர் மத்தியில் தொற்று உறுதியானவர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. காரணம் என்ன என்று பார்க்கப் போன சுகாதாரத் துறைச் செயலாளர் ஜெ. ராதாகிருஷ்ணன் சுட்டிக்காட்டியவற்றில் முக்கியமானது, மெஸ். ஆள் குறைவு என்பதால் ஒரே ஒரு மெஸ்ஸைத்தான் இயக்கியிருக்கிறார்கள். பல விடுதிகளில் பிரிந்து கிடந்தவர்கள் எல்லாரும் வேளாவேளைக்கு வந்து ஒரே கூரைக்குக் கீழே, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது கவசம் போட முடியாது என்பதைக் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. தேவையில்லை.

அறையை எண்ணினார்கள், ஆளை எண்ணினார்கள், இலையை எண்ண மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாப்பாடு பொட்டலமாக அறைக்கே போனது. முதல் நாளே போயிருக்கலாம்.

அதற்குப் பின்புதான் மாநிலம் முழுக்கக் கல்லூரி விடுதிகளில் பரிசோதனை என்று உத்தரவு பறந்தது. இங்கேதான் ஆத்திரம் வருகிறது. பரிசோதனை செய்ய வசதி இல்லாத மாநிலமா இது? 2020 கடைசியில் தமிழ்நாட்டில் நாள் ஒன்றுக்கு 60 ஆயிரத்துக்கு மேல் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனைகள் நடந்தன. அவற்றில் தொற்று உறுதியானது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இப்படித் தொற்று குறைவாக இருக்கும் இடங்களில் ஐந்து பேரின் மாதிரிகளைக் கலந்து ஒரே பரிசோதனையாகச் செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஏப்ரலிலேயே வழிகாட்டி விட்டது. கலவையில் தொற்று இல்லை என்றால் ஐந்து பேருக்கும் இல்லை. இருக்கிறது என்றால் அந்த ஐந்து பேரை மட்டும் தனித்தனியாகப் பார்க்கலாம். இருநூறு பேர் இருக்கிற ஒரு விடுதிக்கு நாற்பது பரிசோதனை, கூடப் போனால் ஐம்பது. நூறு விடுதிகளுக்கு ஐயாயிரம். தினசரிப் பரிசோதனையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாரம் ஒருமுறை இதைச் செய்திருந்தால் ஏழைப் பிள்ளைகளின் விடுதிகளை 2020 டிசம்பரிலேயே தைரியமாகத் திறந்திருக்கலாம். கணக்கு இவ்வளவு எளிது. போடத்தான் ஆளில்லை.

அமெரிக்காக்காரர்கள் மட்டும் ஒழுங்காகச் செய்தார்களா என்றால், இரண்டும் நடந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகம் சாப்பல் ஹில்லில் 2020 ஆகஸ்ட் 10 அன்று வகுப்பறைகளைத் திறந்தது. திரும்பி வந்த எல்லாரையும் பரிசோதிக்கவில்லை. ஒரே வாரத்தில் விடுதிகளில் கொத்துக் கொத்தாகத் தொற்று. ஆகஸ்ட் 17 அன்று இளங்கலை வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுவதாக அறிவித்துவிட்டார்கள். இலினாய் பல்கலைக்கழகம் அர்பானா-சாம்பெய்னில் எச்சில் மாதிரியை வைத்து எல்லாருக்கும் வாரம் இருமுறை பரிசோதனை என்று பெரிய ஏற்பாடு செய்தது. இயற்பியல் பேராசிரியர்கள் உட்கார்ந்து மாதிரிக் கணக்குப் போட்டார்கள். தொற்று உறுதியானது தெரிந்தும் சில மாணவர்கள் பார்ட்டிக்குப் போவார்கள் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை! அதனால் ஆரம்பத்தில் ஒரு ஏற்றம் வந்தது, பிறகு இறங்கியது.

எல்லாவற்றிலும் யோசிக்க வைப்பது கார்னெல் பல்கலைக்கழகத்தின் வாதம். வளாகத்தைத் திறந்து அடிக்கடி பரிசோதனை செய்தால் வரும் தொற்றைவிட, மூடி வைத்து ஆன்லைனில் நடத்தினால் வரும் தொற்று அதிகமாக இருக்கும் என்று பீட்டர் ஃபிரேசியர் தலைமையிலான குழு கணக்கிட்டுச் சொன்னது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். காரணம் எளிது. மூடினாலும் மாணவர்கள் பலர் அந்த ஊருக்கு வந்து வாடகை வீட்டில் தங்கத்தான் போகிறார்கள். அப்போது அவர்களைப் பரிசோதனைக்கு வா என்று கூப்பிடக் கல்லூரிக்கு அதிகாரம் இருக்காது.

இந்த வாதத்தை அப்படியே கீழ்மலைக்குக் கொண்டு வந்து பாருங்கள். கல்லூரி மூடியிருந்தால் மாணவன் வீட்டுக்குள் இருந்தான் என்று யார் சொன்னது? தோட்ட வேலைக்குப் போனான், லோடு ஏற்றப் போனான், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனான். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று அது, அங்கே இடைவெளி விட்டு நிற்பதாவது! எங்கே போனாலும் அவனை யாரும் பரிசோதிக்கவில்லை. கல்லூரி விடுதியில் இருந்திருந்தால் வாரம் ஒருமுறை மூக்கில் குச்சியாவது விட்டிருப்பார்கள். மூடிய கல்லூரி பாதுகாப்பானது என்பது அதிகாரிகளின் மேஜைக்கு மட்டும் பொருந்துகிற உண்மை. தொற்று வந்தால் 'கல்லூரியில் வரவில்லை' என்று எழுதிவிடலாம். பாதுகாப்பு மாணவனுக்கா, கோப்புக்கா?

இனி விடுதி. 2020 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே நேரத்தில் பாதி மாணவர்களுக்கு மேல் வரக்கூடாது, விடுதி அறையில் ஒருவருக்கு மேல் தங்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. காகிதத்தில் அருமையான விதி. ஆனால் ஆதிதிராவிடர் நல விடுதியையோ பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியையோ ஒருமுறை எட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், அங்கே 'அறை' என்பதே பெரும்பாலும் ஒரு கூடம்தான். பாய், பெட்டி, பக்கத்துப் பாய். அங்கே 'ஒருவருக்கு ஓர் அறை' என்று எழுதினால் அதன் பொருள் 'விடுதி இல்லை' என்பதுதான். ஒற்றை அறை வைத்திருக்கும் தனியார் கல்லூரி மாணவருக்குப் பாதுகாப்பாகவும், கூடத்தில் படுக்கும் மாணவிக்கு வெளியேற்றமாகவும் வேலை செய்கிற விதி அது. நகரத்துப் பெண் விடுதி இல்லாவிட்டாலும் வீட்டிலிருந்து வந்து போவாள். பாச்சலூரிலிருந்து தினமும் இறங்கி ஏற முடியுமா? மலைக்கு விடுகிற பஸ்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. முதல் பஸ் கீழே சேரும் நேரமும் காலை ஷிப்ட் தொடங்கும் நேரமும் ஒத்துப்போக வேண்டும், மாலை வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் கிளம்பிவிடக் கூடாது. சுழற்சி முறை என்று புது நேர அட்டவணை போட்டபோது, பஸ் நேரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட கல்லூரிகள் எத்தனை?

அப்படியானால் கூடத்தில் எல்லாரையும் அடைத்திருக்க வேண்டுமா என்றால், இல்லை. அந்த மாதங்களில் ஊரெல்லாம் காலி அறைகள் கிடந்தன. வகுப்பறைகள் காலி, கல்யாண மண்டபங்கள் காலி. கல்லூரி விடுதிகளையும் வகுப்பறைகளையும் நோயாளிகளைத் தனிமைப்படுத்த எடுத்துக்கொள்ளத் தெரிந்தது. 2020 ஜூனில் அண்ணா பல்கலைக்கழக விடுதியைக் கேட்டு மாநகராட்சி கண்டிப்பாக நின்றதையும், அறைகளுக்குள் மாணவர்களின் உடைமைகள் பூட்டிக் கிடந்ததையும் மறந்திருக்க மாட்டார்கள். நோயாளிக்குக் கட்டில் போட வகுப்பறை கிடைத்தது. அலை இறங்கிய பிறகு, அதே வகுப்பறையில் ஜன்னலைத் திறந்துவிட்டு நாலு மாணவிகளுக்குக் கட்டில் போடலாமே என்று யோசிக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

ஜன்னல் என்றதும் இன்னொன்று. நோய் காற்றில் பரவுகிறது என்று 2020 ஜூலையிலேயே 239 விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதினார்கள். இங்கே கல்லூரிகள் வாங்கியதெல்லாம் என்ன? நெற்றியில் வைக்கும் துப்பாக்கி மாதிரி வெப்பமானி. காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்டு. தரையில் வட்டம் போடப் பெயிண்டு. அறிகுறி இல்லாமலே பரப்பக்கூடிய நோய்க்கு நெற்றிச் சூட்டைப் பார்த்து உள்ளே விட்டார்கள். துரு பிடித்து மூடிக்கொண்ட ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட ஆன செலவு பத்து ரூபாய்கூட இருக்காது. ஆனால் அதைப் புகைப்படம் எடுத்துச் செய்தித்தாளுக்குக் கொடுக்க முடியாதே!

திட்டமே போடவில்லை என்று சொல்வதும் அநியாயம். சில விஷயங்களில் திட்டம் வேகமாகவே இருந்தது. கட்டணத்தில் இருந்தது. தனியார் கல்வி நிறுவனங்கள் முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கலாம், திறந்த பிறகு 35 சதவீதம் வாங்கலாம் என்று 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் முடிவாகிவிட்டது. தேர்வில் இருந்தது. முதல் இரண்டு ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வு ரத்து, அப்புறம் ஆகஸ்டில் கட்டணம் கட்டியிருந்தால் அரியரும் பாஸ். ஊரெல்லாம் வாழ்த்துப் போஸ்டர். ஏ.ஐ.சி.டி.இ. முகம் சுளித்தது, வழக்கு வந்தது, அது தனிக்கதை. படித்தாயா என்று கேட்காமல் பாஸ் என்று சொல்வது தேர்தல் வருகிற ஆண்டில் மலிவான பரிசு. பிறகு 2021 தொடக்கத்தில் பொறியியல் மாணவர்களுக்குக் கேமரா முன்னால் ஆன்லைன் தேர்வு வைத்து, ஏராளமானோர் தேறாமல் போய், புது அரசு வந்து மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. கட்டணத்துக்கு விடை கிடைத்தது, மதிப்பெண்ணுக்கு ஏதோ ஒரு விடை கிடைத்தது. கற்பித்தலுக்கு?

அந்தக் கற்பனைப் பெண்ணின் முதலாண்டை எண்ணிப் பார்க்கலாம். 2021 பிப்ரவரி 8இல் கல்லூரி திறந்தது, எல்லாருக்கும் ஒரே மூச்சில். மார்ச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளிகளில் தொற்று. மார்ச் 23 முதல் மறுபடி ஆன்லைன். நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து 43 நாட்கள். பிறகு இரண்டாம் அலை, மே மாத ஊரடங்கு. அடுத்து நேரடி வகுப்பு செப்டம்பர் 1இல், அதற்குள் அவள் இரண்டாமாண்டு. 2022 ஜனவரியில் ஒமிக்ரான், மறுபடி மூடல். பிப்ரவரி 1இல் மறுபடி திறப்பு. டிசம்பரிலேயே அவளையும் அவளைப் போன்றவர்களையும் மட்டும் சிறு கூட்டமாக அழைத்திருந்தால், அந்த 43 நாட்கள் நூறு நாட்களைத் தாண்டியிருக்கும். கூட்டமும் ஒரேயடியாகச் சேர்ந்திருக்காது.

நூறு நாள் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், கல்லூரியில் முதல் நூறு நாட்களில் என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் எப்படி எடுப்பது, உதவித்தொகைக்கு எந்த அறையில் விண்ணப்பிப்பது, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எப்படிச் சமாளிப்பது. இதையெல்லாம் பக்கத்து பெஞ்சுதான் சொல்லிக் கொடுக்கும். பட்டதாரி அப்பா இருக்கும் வீட்டில் அப்பா சொல்லிவிடுவார். தோட்டத்து வீட்டில் சொல்ல யார்? பக்கத்து பெஞ்சு இல்லாத கல்லூரி அவளுக்கு வெறும் வாட்ஸ்அப் குரூப்.

சரி, மலைக்கு நோயைக் கொண்டுபோய் விடுவார்களே, அங்கே வயதானவர்கள் இருக்கிறார்களே, பளியர் குடியிருப்புகள் இருக்கின்றனவே, பெரிய ஆஸ்பத்திரி கீழேதானே இருக்கிறது? எதிர்வாதங்களில் இதுதான் கனமானது. உண்மையான பயமும்கூட. அதற்குப் பதில் வாராவாரம் ஊருக்குப் போகவேண்டிய தேவையை இல்லாமல் செய்வது. பருவம் முழுக்க விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, ஏறுவதற்கு முன் ஒரு பரிசோதனை. சுற்றுலாப் பயணியிடம் இ-பாஸ் மட்டும் பார்த்து மலை ஏற்றிய மாவட்டத்துக்கு, தன் பிள்ளைகளைப் பரிசோதித்து ஏற்றுவது பெரிய வேலையாக இருந்திருக்காது.

அதுவும் முடியாது என்றால் இன்னொரு வழி இருந்தது, கல்லூரியை மேலே கொண்டுபோவது. மலையில் அரசுப் பள்ளிக் கட்டடங்கள் அப்போது பூட்டித்தான் கிடந்தன. பத்துப் பதினைந்து கல்லூரி மாணவர்கள், எந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களாக இருந்தாலும் சரி, ஓர் அறையில், ஜன்னல் திறந்து, ஒரு கம்பிவழி இணைப்பு, நாலு கணினி, மேற்பார்வைக்கு ஊரில் படித்த ஒருவர். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்களை வைத்து இதே மாதிரி ஒன்றை அரசு செய்துகாட்டியது. ஆக, தெருவுக்குத் தெரு பாடம் கொண்டுபோவது நடக்காத காரியம் அல்ல. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். கல்லூரிக்குப் போகிறவர்கள் என்றால் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு. பதினெட்டு வயது ஆகிவிட்டால் மலையில் டவர் தானாக முளைத்துவிடுமா?

முடிந்த கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றலாம். கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அறிவித்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம் உலக நாடுகள் கூடிப் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அடுத்தது வராது என்று நினைத்திருந்தால் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள். தொற்று வேண்டாம், ஒரு பெருமழையில் மலைப்பாதை சரிந்து ஒரு மாதம் அடைபட்டாலும் இதே கேள்விகள்தான் வரும்.

கல்லூரிகள் மூடிக் கிடந்த அதே 2021இல், இந்து சமய அறநிலையத் துறை நாலு புதிய கலை அறிவியல் கல்லூரிகளைத் தொடங்கியது. அதில் ஒன்று ஒட்டன்சத்திரத்தில், கீழ்மலை இறங்கும் இடத்திலேயே. மலைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு கல்லூரி வருவது சிரமம், சந்தோஷமான விஷயம். அங்கே படிப்பவர்களோ, பழனியிலும் திண்டுக்கல்லிலும் படிப்பவர்களோ, ஒருநாள் மதிய இடைவேளையில் அலுவலகத்துக்குப் போய் மூன்றே மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நாளைக்கே கல்லூரியை மூடினால், வீட்டில் சிக்னல் இல்லாதவர்கள் பட்டியல் கையில் இருக்கிறதா? திறக்கும்போது முதலில் கூப்பிடப் போவது யாரை? பாச்சலூரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்குக் கீழே வந்து சேரும்?